இரண்டு லட்சம் தடவை

அப்பாவின் விரல் நகங்களுக்குள் ஊறிப்போயிருந்த கிரீஸை மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் மகள் துடைத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலின் மேல் கிடந்த அவளுடைய செல்பேசி அதிர்ந்தது. வலது கையில் நான்கு விரல் முடிந்திருந்தது. கட்டைவிரல் மட்டும் பிடிவாதம் பிடித்தது. ஐம்பது வருட அழுக்கு. ஒரு காலைப் பொழுதில் கிளம்பிவிடுமா என்ன?

“போதும் விடு,” என்றாள் அம்மா. “ரொம்பச் சுத்தம் பண்ணிட்டா, யாரையோ படுக்கவெச்சிருக்காங்கன்னு நெனச்சுக்குவேன்.”

மகள் செல்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மறுமுனையில் பட்டறை ஃபோர்மேன். நாற்பத்தோரு வயதான முதலாளியை இன்னமும் பாப்பா என்றே கூப்பிடும் உரிமை உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

“பாப்பா, பத்து மணிக்கு ஒண்ணு தொண்ணூத்திமூணு எரநூறு.”

“தொங்கல்?”

“மயிரிழை கூட இல்ல.”

அம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “எவ்வளவாம்?” மகள் சொன்னாள். அம்மா இறந்தவரின் முகத்தைப் பார்த்து, காது மந்தமானவரிடம் சொல்வதுபோல், அந்த எண்ணை ஒரு தடவை திருப்பிச் சொன்னாள்.

அது பணக் கணக்கல்ல, கதவுக் கணக்கு. இரண்டு தெரு தள்ளி, பட்டறையின் மூலையில், எந்த அறைக்கும் வழிவிடாத ஒரு கனமான இரும்புக் கதவு ஏழு நாளாகத் தானே திறந்து தானே மூடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு இருபது தடவை. அதைத் தாங்கி நின்றவை இந்தப் பட்டறையில் செய்த மூன்று கீல்கள். இரண்டு லட்சம் தடவை திறந்து மூடிய பிறகும் கதவு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தொங்கக்கூடாது. தொங்கவில்லையென்றால், கடல் தாண்டி நாலு நாடுகளில் எழும்பிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரிகளின் கதவுகளுக்கெல்லாம் இந்தக் கீல்தான். நடுவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கதவு நின்றுவிட்டாலோ, மறுபடி முதலிலிருந்து. முதலிலிருந்து தொடங்க நாளில்லை. இன்று சாயங்காலத்துக்குள் அறிக்கை போகாவிட்டால் ஆர்டர் இன்னொரு நாட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விடும்.

இதைக் கண்காணிக்க, கீலை வாங்கும் நிறுவனம் ஒரு பெண்மணியை அனுப்பியிருந்தது. கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச். குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று பட்டறையில் பந்தயம் ஓடியது. அவள் பெயர் யார் வாயிலும் நுழையாததால் வாட்ச்சம்மா என்று பெயரிட்டு, அந்தப் பெயரையே அவளுக்கும் பழக்கிவிட்டார்கள்.

ஏழு நாளும் அப்பா கட்டிலில் படுத்தபடி மணிக்கொரு தரம் எண் கேட்டார். இன்று காலை ஆறு மணிக்கும் கேட்டார். ஒண்ணு எண்பத்தெட்டு நானூறு என்று மகள் சொன்னாள். “தொங்கல்?” என்றார். அவள் பதில் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுப் போனாரா, கேட்பதற்கு முன்னாலேயே போய்விட்டாரா என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

*

அந்தக் கதவுக்கு ஒரு பூர்வ கதை உண்டு.

அப்பா தொழில் ஆரம்பித்த காலத்தில், ஒருவன் எத்தனை கீல் செய்யலாம் என்பதைக் கீல் வாங்குகிறவன் முடிவு செய்யவில்லை. தலைநகரத்தில் ஒரு மேஜை முடிவு செய்தது. பெர்மிட்டில் ஓர் எண் இருக்கும். அதற்கு மேல் ஒரு கீல் செய்தாலும் குற்றம். அப்பாவுக்கோ கை சும்மா இருக்காது. மாதத்தின் இருபதாம் தேதிக்குள் பெர்மிட் எண்ணைத் தொட்டுவிடுவார். மிச்சம் பத்து நாள் மெஷினுக்குப் போர்வை போர்த்திவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு வருடம் கணக்குத் தப்பி ஆயிரத்து நூறு கீல் கூடுதலாகச் செய்துவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள், எண்ணினார்கள், அபராதம் போட்டார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்த குற்றத்துக்காக என்று முத்திரை வைத்த அந்தக் காகிதத்தை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டினார். மற்றவர்கள் பட்டச் சான்றிதழ் மாட்டும் இடத்தில்.

அதன் பிறகுதான் அவர் மூளையில் அந்த யோசனை உதித்தது. செய்யத்தானே தடை? சோதிக்கத் தடை இல்லையே! மாதாமாதம் சும்மா கிடந்த அந்தப் பத்து நாட்களில் அவர் சோதனைக் கதவைக் கட்டினார். தம் கீலையே அதில் மாட்டி, எங்கே தேய்கிறது, எப்போது தொங்குகிறது என்று பார்த்தார், திருத்தினார், மறுபடி மாட்டினார். அரசாங்கம் கையைக் கட்டிப்போட்டதால் கீல் வருடத்துக்கு வருடம் உறுதியாகிக்கொண்டே போனது. அந்த மேஜைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு அபராதம் போட்டிருப்பார்கள்.

பிறகு ஒரு நாள் பெர்மிட்டெல்லாம் ரத்து என்று செய்தி வந்தது. இனி யாரும் எவ்வளவும் செய்யலாம். கூடவே இன்னொன்றும் வந்தது: வெளிநாட்டுச் சரக்கும் தாராளமாக உள்ளே வரலாம். அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது என்று எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பட்டறைத் தெரு முழுக்க, செத்தோம் என்று வாசலில் வந்து நின்றது. அப்பா மட்டும் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, “கதவு தெறந்தா தேயறது யாரு? கீல்தானே! நமக்கு வேலை வந்தாச்சு,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. முக்கியமாக, கூட்டாளியான அவருடைய தம்பி சிரிக்கவில்லை. “செய்யறவன் பாடு இனி திண்டாட்டம். வாங்கி விக்கறவன் பாடு கொண்டாட்டம்,” என்று சொல்லி, இறக்குமதிக் கடை போடப் பிரிந்துபோனார். இருபத்திரண்டு வருடமாக அண்ணன் தம்பி பேச்சு இல்லை. இடையில் மூன்று வருடம் பட்டறை மூச்சுத் திணறியது. அந்தக் காலத்தில் அப்பா ஃபோர்மேனை வேற்றாள்போல் அனுப்பி, தம்பி கடையிலிருந்தே வெளிநாட்டுக் கீல்களை வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தம் கதவில் மாட்டிக் கொன்றார். எது எத்தனையாவது தடவையில் செத்தது என்று சுவரில் சுண்ணாம்பால் எழுதினார். கடைசிவரை சாகாத ஒரே ஒரு கீலை அறுத்துப் பார்த்து, அது ஏன் சாகவில்லை என்று கற்றுக்கொண்டார்.

*

பதினொரு மணிக்குத் தெருச் சங்கத்துத் தலைவர் வந்தார். ஸ்பிரிங் செய்கிறவர். அவரைத் தெருவில் மெயின் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. பட்டறைத் தெரு முழுவதற்கும் மின்சாரம் தெருமுனைக் கம்பத்திலிருக்கும் ஒரே பெட்டி வழியாக வருகிறது. தெருவில் ஒரு முதலாளி இறந்தால், வண்டி அவருடைய பட்டறை வாசலில் வந்து நிற்கும்போது தலைவர் மெயின் சுவிட்சைக் கீழே இழுப்பார். அரை மணி நேரம் தெருவில் ஒரு மெஷின் ஓடாது. அது இந்தத் தெரு தன் ஆட்களுக்குச் செய்யும் மரியாதை. எந்தச் சட்டத்திலும் இல்லை. எல்லாச் சட்டத்தையும் விட ஒழுங்காக நடந்தது.

“மூணு மணிக்கு வண்டி வந்துடும்மா. எல்லாரும் வாசல்ல நிப்போம். அரை மணி நேரம்,” என்றார் மெயின்.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மணிக்கு எண் ஒண்ணு தொண்ணூத்தொன்பது எரநூறாக இருக்கும். இன்னும் எண்ணூறு பாக்கி. நாற்பது நிமிடம்.

“அண்ணே, நாலு நிமிஷம் போதும்ணே.”

“என்னது?”

“கதவு ஓடிட்டிருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னா ஏழு நாளும் வீண்.”

மெயின் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நாலு நிமிஷமா? போன மாசம் டிரான்ஸ்பார்மர்ல ஒரு காக்கா மாட்டிச் செத்துச்சே, அதுக்கே இருபது நிமிஷம் நின்னுச்சு தெரு. உங்கப்பா காக்காவை விட மட்டமா?”

“அஞ்சுக்குள்ள முடிச்சுக்குங்கண்ணே.”

“இருபத்தஞ்சு. கடைசியாச் சொல்றேன்.”

“அஞ்சு.”

“என்னம்மா இது, வெங்காய பேரமா? சரி, இருபது. போனவருஷம் நட்டு போல்ட்டுக்காரர் போனப்பக்கூட குறைக்கல.”

பேரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் எதிராளி அப்பாவின் பிணத்தை எடைக்கல்லாகப் போட்டுப் பேசும்போது தராசு எப்படி நேராக நிற்கும்? கடைசியில் மெயின் பதினைந்துக்கு இறங்கினார். அதற்குக் கீழே ஒரு நொடியும் குறைக்க மாட்டேன் என்று எழுந்துவிட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“எனக்கு நிக்கணும்,” என்றாள் அம்மா. “இந்தத் தெருவுல எத்தனை பேருக்கு அவரு வெயில்ல நின்னுருக்காரு. அவருக்கு நிக்க வேண்டாமா? கதவு ஓடட்டும், வேண்டாங்கல. ஆனா அவருக்குத் தெரு நிக்கணும். ரெண்டும் எனக்கு வேணும். நீ மொதலாளிதானே, பாத்துக்க.”

*

பட்டறையில் ஃபோர்மேன் சோதனைக் கதவுக்கு எதிரே முக்காலி போட்டு, நோயாளிக்குக் காவல் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அரை மில்லி பிசகினாலும் சண்டைக்கு வருகிறவர். இன்று கண் வீங்கியிருந்தது. கதவு போனது, வந்தது. டப். போனது, வந்தது. டப்.

“ஜெனரேட்டர்?” என்றாள் மகள், பதில் தெரிந்தே.

“வித்து எட்டு வருஷமாச்சு பாப்பா. கரண்ட்டு எப்பவோ ஒருதரம்தானே போகுது இப்பல்லாம். அந்த ரூம்லதான் வாட்ச்சம்மா உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுது.”

“கையால தள்ளினா?”

“தள்ளினா கதவு கோணும். கோணினா கீல் மேல பக்கவாட்டுல இழுக்கும். அந்தம்மா உடனே பேப்பரைக் கிழிச்சுப்போட்டுட்டு பிளேன் ஏறிடும். அதோ, அந்தச் சக்கரம் வழியாத்தான் சுத்தணும். அதுக்கு உங்கப்பா ஒரு கைப்பிடி செஞ்சிருந்தாரே. அந்தக் காலத்துல பாதி நாள் கரண்ட்டு இருக்காது. கைப்பிடியைச் சொருகிச் சுத்துவோம். ஒரு சுத்துக்கு ஒரு தடவை.”

“எங்க அது?”

ஃபோர்மேன் சுவரைக் காட்டினார். அபராதச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. கீழே, வெளிறிய சுவரில், கொக்கி வடிவத்தில் வெளிறாத ஒரு தழும்பு.

அண்ணனும் தம்பியும் பிரிந்தபோது எல்லாவற்றையும் சரிபாதி பிரித்தார்கள். மெஷின், அலமாரி, நாற்காலி, தேநீர்க் குவளை உட்பட. சோதனைக் கதவு அண்ணன் பங்குக்கு வந்தது. சாமானெல்லாம் ஏற்றி முடித்து வண்டி கிளம்பும் நேரத்தில் தம்பி இறங்கி வந்து, ஆணியில் தொங்கிய கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு அது எதற்கும் உதவாது. அண்ணனுக்கு உதவக்கூடாது என்பதற்காக.

“புதுசா ஒண்ணு அடிக்கலாமே?”

“முனையில உங்கப்பா பல்லு வெட்டியிருந்தாரு பாப்பா, அவரு கை அளவுக்கு. அளவெடுக்கணும்னா சக்கரத்தைக் கழட்டணும். கழட்டினா கதவு நிக்கும்.”

மகள் வாட்ச்சம்மாவிடம் போனாள். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழியில், உடைத்து உடைத்து, நிலைமையைச் சொன்னாள். வாட்ச்சம்மா முதலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் சொன்னாள். பிறகு விதித்தாளை எடுத்தாள். மனிதர்களுக்கு இரங்கும் கண் வேறு, தாளைப் படிக்கும் கண் வேறு என்று வைத்திருந்தாள். மகள் விரலை வரி மேல் வைத்துக் காட்டினாள். கதவு நிற்கக்கூடாது என்றுதானே போட்டிருக்கிறது? எதைக் கொண்டு அதைத் திறக்க வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறது? மின்சாரம் என்ற சொல் இந்தத் தாளில் எங்காவது இருக்கிறதா?

வாட்ச்சம்மா மூன்று தடவை படித்தாள். இல்லை. சக்கரத்தின் வழியாக, நிமிடத்துக்குப் பதினெட்டுக்குக் குறையாமல் இருபத்திரண்டுக்கு மிகாமல் சுற்றினால் ஆட்சேபம் இல்லை என்றாள். கூட ஒன்று குறைய ஒன்று ஆனாலும் முதலிலிருந்துதான் என்றும் சொன்னாள்.

*

சித்தப்பா ஒரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, விலையுயர்ந்த கைக்கடிகாரம், நடு வயிற்றில் நன்றாகப் போன இருபத்திரண்டு வருடம். அண்ணனின் தலைமாட்டில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

“ரொம்ப மெலிஞ்சிட்டாரே அண்ணி.”

“இத்தனை வருஷம் கழிச்சுப் பாத்தா எல்லாரும் மெலிஞ்சுதான் தெரிவாங்க தம்பி,” என்றாள் அம்மா. “உங்க ஒருத்தரைத் தவிர.”

சித்தப்பாவின் பார்வை அப்பாவின் கையில் போய் நின்றது. கட்டைவிரல் நகத்தில் கறுப்பு இன்னும் இருந்தது. அவர் குனிந்து, தம் நகத்தால் அதை ஒரு தடவை சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

மகள் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். சுற்றி வளைக்க நேரமில்லை.

“சித்தப்பா, கைப்பிடி இருக்கா?”

“எந்தக் கைப்பிடி?”

“எனக்குக் காது குத்தி ரொம்ப நாளாச்சு சித்தப்பா.”

அவர் கடிகாரத்தைத் திருகிக்கொண்டார். “அம்மாடி, ஒண்ணு தெரியுமா உனக்கு? நீ தோத்தா இந்த ஆர்டர் போகப்போற ஃபாக்டரி இருக்கே, அவனுக்கு இந்த ஊர்ல ஏஜென்ட் யாரு?”

“நீங்கதான்.”

“தெரிஞ்சே கேக்கறியா?”

“வேற யார்கிட்ட கேப்பேன்? கைப்பிடி உங்ககிட்டதானே இருக்கு.”

சித்தப்பா சிரிப்பதற்கு வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. “உங்கப்பன் ஒரு வார்த்தை போன்ல கேட்டிருந்தா...” என்று ஆரம்பித்தார். “கேக்க மாட்டான். அவன் கேக்க மாட்டான்.” வாக்கியத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வதுபோல் நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வியாபாரி.

*

மூன்று மணிக்கு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள். ஸ்பிரிங் பட்டறை, ஆணிப் பட்டறை, தாழ்ப்பாள் பட்டறை, சல்லடைக்காரர்கள், முலாம் பூசுகிறவர்கள். கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். கதவு திறந்தால் செத்தோம் என்று அன்றைக்கு நின்ற அதே தெரு. இப்போது ஒவ்வொரு வாசலிலும் வெளிநாட்டுத் துறைமுகத்தின் பெயர் எழுதிய மரப்பெட்டிகள். சித்தப்பாவை மட்டும் காணவில்லை.

மெயின் கம்பத்தடியில் நின்று மகளைப் பார்த்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வண்டிக்குள், அப்பாவின் பக்கத்தில், நேராக உட்கார்ந்திருந்தாள். மகள் தலையை ஆட்டினாள்.

சுவிட்ச் இறங்கியது. ஒரு மெஷின், பத்து மெஷின், எல்லா மெஷினும் பெருமூச்சு விட்டு அடங்கின. பட்டறைக்குள் இரும்புக் கதவு பாதி திறந்த நிலையில் நின்றது. எண்பலகையில் 199200.

வாட்ச்சம்மா ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

அந்த அமைதி ஒவ்வொரு தடவையும் மகளுக்குப் புதிதாகத்தான் இருந்தது. அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குச் சத்தம்தான் காற்று. ஒரு நிமிடம் போயிற்று. எங்கோ தண்ணீர் சொட்டியது. இரண்டு நிமிடம். அப்பாவுக்கு மரியாதை நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் கதவு நின்றுகொண்டிருந்தது. ஒருவருக்கே இரண்டையும் எப்படிக் கொடுப்பது? மூன்று நிமிடம். ஃபோர்மேன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருமுனையில் கூட்டம் விலகியது. கார் உள்ளே வர வழியில்லாமல் அங்கேயே விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் ஒரு கனத்த மனிதர் ஓடிவந்துகொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. கையில், காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. ஓட்டத்தில் காகிதம் கிழிந்து பறந்தது. கறுத்த இரும்பு. கொக்கி வடிவம்.

“வழி விடுங்கய்யா!”

உள்ளே வந்தார், மூச்சிரைக்கச் சக்கரத்தின் ஓட்டையில் கைப்பிடியைச் சொருகினார். பல்லோடு பல் கவ்விய சத்தம் தெருவரைக்கும் கேட்டது. சுற்றினார். கதவு போனது, வந்தது.

டப்.

வாட்ச்சம்மா கையிலிருந்ததைப் பார்த்தாள். மூன்று நிமிடம், நாற்பத்தொன்பது வினாடி. தலையை அசைத்தாள்.

“மெதுவா முதலாளி, மெதுவா. நிமிஷத்துக்கு இருபது,” ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நின்றார். “நான் மாத்திக்கறேன், குடுங்க.”

“தள்ளி நில்லுய்யா. இதைச் செய்யும்போது இந்த முனைக்கு அரம் போட்டது நானு. எனக்குச் சொல்லித்தர வர்றியா?” டப். “கடையில மேஜை மேல பேப்பர் பறக்காம இருக்க வெச்சிருந்தேன்.” டப். “தினம் அது மூஞ்சியிலதான் முழிச்சேன். போதுமா?”

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். நூறு சுற்றில் சட்டை முதுகோடு ஒட்டியது. நூற்றைம்பதில் உள்ளங்கை தோலுரிந்தது. கைப்பிடியில் ஈரம் மின்னியது. மகள் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள்.

“அம்மாடி, கிட்ட வராத. கணக்குத் தப்பும்.” டப். “நாளைக்கு என் கடைக்கு நானே பூட்டுப் போடறேன் பாத்துக்க. அவன் சரக்கை இனி எவன் வாங்குவான்?” டப். “உன் கீலுக்கு ஏஜென்சி எனக்குத்தான். பன்னெண்டு சதவீதம்.”

“எட்டு,” என்றாள் மகள். அவளையும் அறியாமல் வந்துவிட்டது.

“எழவு வீட்டுல பேரம் பேசறியே, நீயெல்லாம்...” டப். “பதினொண்ணு.”

“பேசாம சுத்துங்க சித்தப்பா. ஒன்பது.”

கண்ணீர் எங்கே முடிந்தது, சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் ஃபோர்மேனிடமிருந்து வந்தது. வெளியே தெரு அசையாமல் நின்றது. ஒரு சத்தமும் இல்லாத அந்த நீளமான தெருவில் அந்த ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது: டப். டப். டப். மெயின் கம்பத்தைப் பிடித்தபடி, கண்ணை மூடி, அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்குள் அம்மா, தன் விரலால் அப்பாவின் கையின் மேல், அதே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

பதினைந்து நிமிடம் முடிந்தது. மெயின் சுவிட்சை மேலே தள்ளினார். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் உறுமி எழுந்தது. ஸ்பிரிங், ஆணி, தாழ்ப்பாள், சல்லடை, எல்லாம். இரும்புச் சத்தம் கூரைகளில் மோதி வந்து, வாசல்களில் நின்ற அத்தனை பேரையும் ஒரு கணம் நிமிரவைத்தது. சக்கரம் தானாகச் சுழலத் தொடங்கியபோதுதான் சித்தப்பா கைப்பிடியை உருவினார். வண்டி அந்தச் சத்தத்துக்கு நடுவில், மெதுவாக, தெருவைக் கடந்து போனது.

*

எல்லாம் முடிந்து மகள் பட்டறைக்குத் திரும்பியபோது ஐந்தரை மணி. வெயில் சாய்ந்து வாசல்வரை நீண்டிருந்தது. ஃபோர்மேன் ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்தி, ஈரம் காயாத ஓவியத்தைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார். மூன்று நாற்பத்து நாலுக்குக் கையெழுத்து. தொங்கல்: நூற்றில் மூன்று மில்லி.

“எதிராளி நாட்டு ஃபாக்டரியில ஓடின சோதனைக் கதவு நேத்தே தொங்கிடுச்சாம் பாப்பா. வாட்ச்சம்மா இப்பத்தான் வாயத் தெறந்துச்சு. கல்லுளிமங்கி.”

அவள் தாளைப் படித்தாள். மடிக்காமல் மேஜை மேல் வைத்தாள். அதன் பிறகுதான் அவள் காதுக்கு அது எட்டியது.

டப்.

“இன்னும் ஏன் ஓடுது?”

“நிறுத்தத்தான் போனேன். அந்தம்மா சுவத்துல இருக்கற அபராதப் பேப்பரைக் காட்டி, இது என்னன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னேன். அதிகமாச் செஞ்சதுக்குப் போட்ட ஃபைன்னு புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் சிரிச்சுது பாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அப்புறம் சுவிட்ச்கிட்ட போன என் கையைப் பிடிச்சு நிறுத்திடுச்சு.”

எண்பலகையில் 202112. மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 202113 ஆனது.

அப்பாவின் முக்காலியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் துணிக்கட்டு. ஒரு கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிந்தது. நகத்துக்குள் கறுப்பாக, புது கிரீஸ்.

அவள் சுவிட்சின் மேல் கை வைத்தாள்.

“பத்து,” என்றார் சித்தப்பா, கதவைப் பார்த்தபடி. “கடைசி விலை.”

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, இன்னொரு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

அபராதச் சட்டத்துக்கு அருகே, பழைய தழும்பின் மேல் சரியாகப் பொருந்தி, கைப்பிடி ஆணியில் தொங்கியது. கதவு வந்து மூடும்போதெல்லாம் அது லேசாக ஒரு தடவை அசைந்தது.